அத்தியாயம் 6: விடுப்பும் முன்விடுதலையும்

"ஆயுள் தண்டனைன்னா பதினாலு வருஷம்தானே சார்? அப்புறம் விட்டுடுவாங்கல்ல?"

புழலிலும் வேலூரிலும் பாளையங்கோட்டையிலும் மனு பார்க்க வரிசையில் நிற்கும் குடும்பங்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். பதில் கசப்பானது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. 1961-இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருபது ஆண்டு, பதினான்கு ஆண்டு என்று எந்தக் கணக்கு முடிந்தாலும் சிறைக் கதவு தானாகத் திறக்காது. அரசு ஓர் ஆணை போட்டால்தான் திறக்கும்.

அப்படியானால் பதினான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? 1978 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவிலிருந்து. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 475-ஆவது பிரிவு. கொலை போல, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டு முடிவதற்குள் இந்தச் சட்டத்தின்கீழ் விடக் கூடாது என்பதே அதன் சாரம். இதற்குமுன் விடாதே என்று சொல்லும் பிரிவை, இத்தோடு விட்டுவிடு என்று சொல்வதாக ஊரெல்லாம் புரிந்துவைத்திருக்கிறோம்.

இந்த அத்தியாயம் தண்டனை உறுதியாகி, மேல்முறையீடும் முடிந்துவிட்ட ஆயுள் கைதிகளின் குடும்பத்துக்கானது. மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருந்தால் உங்களுக்கான இடம் நீதிமன்றம். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும்படி மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும் (புதிய சட்டத்தில் 430-ஆவது பிரிவு).

முதலில் கணக்கு

எந்த மனுவுக்கும் முன்னால் உங்கள் கையில் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு, மேல்முறையீட்டுத் தீர்ப்பு, சிறையில் பராமரிக்கப்படும் நாமினல் ரோல். முதல் இரண்டையும் எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். மூன்றாவதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. கைதான நாள், ரிமாண்டில் இருந்த நாட்கள், ஜாமீனில் வெளியே இருந்த காலம், தண்டனை தொடங்கிய நாள், சம்பாதித்த கழிவு நாட்கள், விடுப்பில் போன நாட்கள், சிறைக்குள் பெற்ற தண்டனைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்காரரை உள்ளிருந்து சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள்.

கணக்குப் போடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பதினான்கு என்பது உடலால் சிறையில் இருந்த ஆண்டுகள். நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் கிடைக்கும் கழிவு நாட்கள் இதில் சேராது. தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்கள் சேரும். ஆயுள் கைதிக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 1985-இல் பகீரத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. விடுப்பில் வெளியே இருந்த நாட்களைக் கழித்தே கணக்குப் போடுங்கள். கோவா மாநிலச் சிறை விதிகள் பற்றிய ரோஹன் துங்கட் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் பரோல் நாட்கள் பதினான்கில் சேராது என்று சொல்லியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 10.03.2009 அன்று கைதாகி, 10.09.2009 அன்று ஜாமீனில் வந்தார். 15.06.2012 அன்று ஆயுள் தண்டனை, அன்றே சிறை. 15.06.2025 அன்று அவர் கணக்கு 13 ஆண்டு, அதோடு ரிமாண்டில் கழித்த 6 மாதம். பதினான்கு ஆண்டு நிறைவது 15.12.2025 அன்று. இடையில் மொத்தம் 150 நாள் விடுப்பில் வந்திருக்கிறார் என்றால் அந்த நாள் 14.05.2026-க்குத் தள்ளிப்போகும். இந்தத் தேதியைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள். சிறை அலுவலகத்தின் கணக்கு உங்கள் கணக்கோடு பொருந்தாவிட்டால் அப்போதே எழுத்தில் கேளுங்கள். பதினான்காம் ஆண்டில் கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்த இன்னோர் ஆண்டு போய்விடும்.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "20 ஆண்டுக்குக் கழிவு இல்லை", "25 ஆண்டுக்கு முன்விடுதலை கூடாது" என்பது போன்ற வரி இருக்கிறதா? 2008-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் தொடங்கிய வழக்கம் இது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இப்படி விதிக்க முடியும் என்று 2015-இல் ஸ்ரீஹரன் வழக்கின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த வரி இருந்தால் அதுவரை சட்டப்படியான முன்விடுதலை மனுவுக்கு வேலையில்லை. மாறாக, ஆயுள் தண்டனையையே "கழிவில்லாமல் 20 ஆண்டு" என்று அளவு வைத்துத் தந்திருந்தால், அந்த 20 முடிந்ததும் எந்த மனுவும் இல்லாமல் விட வேண்டும். 2025 ஆகஸ்டில் நிதிஷ் கட்டாரா கொலை வழக்குக் கைதி ஒருவர் தொடர்பாக உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இது.

விடுப்பு: குடும்பத்தின் முதல் வேலை

பரோல் என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டில் ஆள்வது 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அதில் இரண்டு வகை உண்டு. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு.

பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர் ஆகியோரின் சாவு, கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு. ஆண்டுக்கு மொத்தம் 15 நாள். சாவு வீட்டிலிருந்து சிறைக்குத் தகவல் போவதில்தான் பெரும்பாலும் தாமதம் ஆகிறது. கிராம நிர்வாக அலுவலரின் சான்றோ மருத்துவமனைச் சான்றோ கையில் கிடைத்தவுடன், யாராவது ஒருவர் நேரே சிறை வாசலுக்குப் போய் மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்குவதே நல்லது. வழிக்காவல் போலீசோடுதான் அனுப்புவோம் என்றால் மறுக்காதீர்கள். காவலோடு வந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பது, காவலில்லாமல் வரக் காத்திருந்து பதினாறாம் நாளுக்கு வந்துசேர்வதைவிட மேல்.

சாதாரண விடுப்பு மூன்றாண்டு சிறைவாசத்துக்குப் பிறகு. பிள்ளைகளைப் பள்ளியில், கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுதுபார்ப்பது, திருமண ஏற்பாடு, பாகப்பிரிவினை, விதைப்பு, அறுவடை என்று காரணங்களை விதியே அடுக்குகிறது. எனவே மனுவில் "குடும்பத்தைப் பார்க்க" என்று பொதுவாக எழுதாதீர்கள். விதியில் உள்ள காரணத்தை எழுதி, அதற்கான காகிதத்தை இணையுங்கள். இப்படி:

"ஐயா, என் கணவர் (பெயர், கைதி எண்) தங்கள் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதியாக உள்ளார். 15.06.2012 முதல் தண்டனை அனுபவித்து வருகிறார். எங்கள் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்க்கைக்கான கடிதம் வந்துள்ளது (நகல் இணைப்பு 1). கட்டணத்துக்காக என் கணவர் பெயரில் உள்ள நிலத்தை அடமானம் வைக்க அவர் நேரில் கையெழுத்திட வேண்டியுள்ளது (பட்டா நகல் இணைப்பு 2). எனவே 1982-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அவருக்குச் சாதாரண விடுப்பு வழங்க வேண்டுகிறேன். விடுப்புக் காலத்தில் அவர் (முழு முகவரி)-யில் என் அண்ணன் வீட்டில் தங்குவார்; அண்ணனின் ஒப்புதல் கடிதம் இணைப்பு 3. இதற்குமுன் (தேதிகள்) விடுப்பில் வந்து உரிய நாளில் திரும்பியுள்ளார்."

இதில் உயிர்நாடி, தங்கும் முகவரி. மனு போனதும் நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வருவார். காவல் நிலையத்திலிருந்து தனியாக ஓர் அறிக்கை போகும். மனு தோற்பது பெரும்பாலும் அந்தக் காவல்துறை அறிக்கையில்தான். "கைதி ஊருக்கு வந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும், எதிர்தரப்பால் அவர் உயிருக்கு ஆபத்து" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதே ஊரில், அதே தெருவில், செத்தவரின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி தங்கப்போகிறார் என்று மனுவில் எழுதினால் அந்த வரியை நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. நன்னடத்தை அலுவலர் வரும்போது கேட்பதும் இதையேதான்.

"இவரு வந்தா எங்கம்மா தங்குவாரு?"

"எங்க அண்ணன் வீட்டுல சார், தாராபுரத்துல. ஊருக்கே வர மாட்டாரு."

"அவங்க வீட்ல பிரச்சினை எதுவும்...?"

"அவங்க அம்மா கோயில்ல பாத்தா பேசுவாங்க சார். மூணு வருஷமா ஒண்ணும் இல்ல."

இந்தப் பதில்கள் அவர் அறிக்கையில் வந்துவிட்டால், காவல்துறையின் ஒற்றை வரிக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வைக்க உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கும். எனவே அவர் வரும் நாளில் அண்ணனையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் வந்து "நல்ல மனுஷன் சார்" என்று சொல்வதைவிட, ஊராட்சித் தலைவரிடமிருந்தோ, வேலை தர முன்வரும் கடைக்காரரிடமிருந்தோ ஒரு கடிதம் வலுவானது. அலுவலருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வரும் ஆட்களைப் படியேற விடாதீர்கள்.

வேறொரு வழக்கு விசாரணையில் இருந்தால் விடுப்பு விதியே குறுக்கே நிற்கும். அதே விதிகளின் 40-ஆவது விதி, தேவைப்பட்டால் விதிகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த விதியைக் காட்டித்தான் பல குடும்பங்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் ரிட் மனுப் போட்டு விடுப்பு வாங்குகின்றன. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் நளினி 2019 ஜூலையில் மகள் திருமண ஏற்பாட்டுக்கு ஆறு மாத விடுப்புக் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடி ஒரு மாதம் பெற்றார்; பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அதே வழக்கின் பேரறிவாளன் முதல் விடுப்பில் வெளியே வந்தது 2017 ஆகஸ்டில், தந்தையின் நோய்க்காக. அப்போது சிறையில் இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

திரும்பும் நாள் பற்றி ஒரே வரி: ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். தாமதம் என்றால் வழக்கு வரும், அடுத்த விடுப்பு போகும், முன்விடுதலைக் கோப்பில் ஒரு கறை விழும். நேரத்துக்குத் திரும்பிய ஒவ்வொரு விடுப்பும் முன்விடுதலைக்கான சாட்சி.

முன்விடுதலை: இரண்டு சாலைகள்

முதல் சாலை சட்டத்தின் சாலை. 473-ஆவது பிரிவின்கீழ் (பழைய 432) மாநில அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கலாம். ஆனால் மேலே சொன்ன பதினான்கு ஆண்டு கட்டாயம். இரண்டாவது, அரசியலமைப்பின் 161-ஆவது பிரிவு. ஆளுநர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி மன்னிக்கலாம், குறைக்கலாம். இந்தச் சாலையில் பதினான்கு ஆண்டுத் தடை இல்லை என்பது 1980-இல் மாரு ராம் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம்.

தமிழ்நாட்டில் மொத்தமாக ஆயுள் கைதிகள் விடப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் சாலையில், அதுவும் தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி. 2008 செப்டம்பர் 15-இல் அண்ணா நூற்றாண்டுக்கு, ஏழு ஆண்டு முடித்திருந்த 1,405 பேர் வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 2018 பிப்ரவரி 1 தேதியிட்ட உள்துறை அரசாணை எண் 64 வந்தது: 25.02.2018 அன்று பத்தாண்டு முடித்தவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்றால் ஐந்தாண்டு முடித்தவர்கள். 2021 செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளுக்குச் சுமார் 700 பேர் விடுவிக்கப்படுவார்கள் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

இந்த வழக்கத்தின் குறை வெளிப்படையானது. 24.02.2018 அன்று பத்தாண்டை முடித்தவர் பட்டியலுக்குள் வருவார். இரண்டு நாள் தள்ளி முடித்தவர் அடுத்த நூற்றாண்டு விழா எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். திருந்துவதற்கும் நாள்காட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எந்த ஆட்சியிடமும் பதில் இல்லை.

குடும்பங்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஓடும்போது முதலில் பார்க்க வேண்டியது அரசாணையின் விலக்குப் பகுதி. பாலியல் வன்கொடுமை, கொள்ளை, பயங்கரவாதம் என்று நீளும் அந்தப் பட்டியலில் உங்கள் தீர்ப்பின் ஒரு பிரிவு இருந்தாலும் பெயர் வராது. கொலை வழக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பிரிவுதான் பலரை வெளியே நிறுத்துகிறது. அந்தப் பிரிவுக்கான தண்டனை தனியாக முடிந்துவிட்டதா, அதில் மேல்முறையீட்டில் விடுதலையா என்று தீர்ப்பைப் பார்த்து, முடிந்திருந்தால் அதைத் தனி மனுவாகச் சுட்டிக்காட்டுங்கள். மத மோதல் வழக்குகளின் கைதிகள் விலக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பால்தான், ஓய்வுபெற்ற நீதிபதி என். ஆதிநாதன் தலைமையில் ஒரு குழுவை 2021-இல் அரசு அமைத்தது.

இந்தப் புத்தகம் கைதிகளின் குடும்பத்துக்கு எழுதப்படுவது என்றாலும், இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2000-இல் தருமபுரியில் பேருந்துக்குத் தீவைத்து மூன்று கல்லூரி மாணவியரைக் கொன்ற வழக்கின் மூன்று பேர் 2018 நவம்பரில் வேலூரிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரைக் கொன்ற வழக்கில் 13 பேர் 2019 நவம்பரில் வெளியே வந்தார்கள். அந்த விடுதலை ஆணைகளின் நகலைக் கேட்டே உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கு ஒரு தகவலும் ஒரு கேள்வியும் இல்லாமல் தரும் விடுதலை, விடப்படுபவருக்கும் நல்லதில்லை. அதை எந்த நாளும் ஒரு நீதிமன்றம் திரும்பப் பெறலாம். 2022 ஆகஸ்ட் 15-இல் குஜராத் அரசு விடுவித்த பில்கிஸ் பானு வழக்கின் 11 பேரை 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சிறைக்கு அனுப்பியது.

அந்தத் தீர்ப்பிலேயே உங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. விடுவிக்கும் அதிகாரம், தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த அரசுக்கே. ஆந்திராவில் தண்டிக்கப்பட்டு, பிறகு வேலூர் சிறைக்கு மாற்றப்பட்டவரின் மனு சென்னைத் தலைமைச் செயலகத்துக்குப் போய்ப் பயனில்லை. அது அமராவதிக்குப் போக வேண்டும். சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால் மாநில அரசு மத்திய அரசின் இசைவையும் பெற வேண்டும் (477-ஆவது பிரிவு).

கோப்பு எப்படி நகர்கிறது

முன்விடுதலைக் கோப்பில் சிறைக் கண்காணிப்பாளரின் அறிக்கை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, காவல்துறை அறிக்கை ஆகியவை சேரும். சட்டத்தின் சாலையில் போனால் தண்டனை விதித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடமும் கருத்துக் கேட்பார்கள். "குற்றம் கொடூரமானது, எனவே விடக் கூடாது" என்று நீதிபதி இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் அது போதாது என்று 2022-இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காரணம் வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் 2000-ஆம் ஆண்டின் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு ஐந்து கேள்விகளாகத் தந்துவிட்டது: குற்றம் சமூகம் முழுவதையும் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மீண்டும் செய்யும் வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா, இன்னும் உள்ளே வைப்பதில் ஏதாவது பயன் உண்டா, குடும்பத்தின் பொருளாதார, சமூக நிலை என்ன.

உங்கள் மனுவை இந்த ஐந்து கேள்விகளுக்கான பதிலாகவே எழுதுங்கள். "அவர் ரொம்ப நல்லவர், எங்கள் குடும்பம் கஷ்டப்படுகிறது" என்று அழுது எழுதும் நான்கு பக்கத்தைவிட இது பலமடங்கு பயன் தரும். சிறையில் எழுதிய தேர்வு, முடித்த பட்டம், தையல் கூடத்திலோ அடுமனையிலோ வேலை பார்த்த ஆண்டுகள், ஒரு சிறைக் குற்றமும் இல்லாத நாமினல் ரோல், நேரத்துக்குத் திரும்பிய விடுப்புகள் எல்லாம் இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கான பதில். வயதும் நோயும் மூன்றாம் கேள்விக்கு. வெளியே வந்தால் என்ன வேலை, எங்கே தங்குவது என்பது நான்காவதுக்கு.

இப்போது ஒரு நல்ல செய்தி. மனு கொடுத்தால்தான் பரிசீலிப்போம் என்று அரசு இனிச் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம், முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் மாநிலங்கள் தகுதி வந்த ஒவ்வொரு கைதியின் கோப்பையும் மனு இல்லாமலே எடுக்க வேண்டும் என்றது. மறுத்தால் காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுத வேண்டும். அந்த ஆணை கைதியின் கைக்கு உடனே போக வேண்டும். அதை எதிர்த்துப் போகும் உரிமை உண்டென்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். விடுவிக்கும்போது போடும் நிபந்தனைகள் நிறைவேற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். முன்னறிவிப்பும் விளக்கம் கேட்பதும் இல்லாமல் விடுதலையை ரத்து செய்யக் கூடாது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. சிறை அலுவலகத்தில் இது தானாக நடக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் தேதிக்கு மூன்று மாதம் முன்பே, இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

எந்தக் கொள்கை பொருந்தும் என்பதிலும் ஒரு சண்டை வரலாம். தண்டனை விதித்த நாளில் இருந்த கொள்கையே பொருந்தும். பின்னால் வந்த கொள்கை தாராளமாக இருந்தால் அதன் பயனும் கிடைக்க வேண்டும். 2010-இல் ஜகதீஷ் வழக்கில் வந்த தீர்ப்பு இது.

மறுத்தால்

மறுப்பாணை பெரும்பாலும் அரைப் பக்கம் இருக்கும். அரசாணை எண், கைதியின் பெயர், கடைசியில் "காவல்துறை அறிக்கை பாதகமாக உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது". இதைப் பார்த்து மனம் ஒடிந்துவிடாதீர்கள். காரணம் சொல்லாத மறுப்பும், ஒற்றைக் காரணத்தை வைத்த மறுப்பும் நீதிமன்றத்தில் எளிதில் உடையும். நீதிமன்றம் நேரே விடுதலை செய்வது அபூர்வம். பெரும்பாலும் "புதிதாகப் பரிசீலியுங்கள், இத்தனை வாரத்துக்குள்" என்றுதான் ஆணை வரும். அந்த வாரக் கணக்கை நாட்குறிப்பில் குறித்துக்கொள்ளுங்கள், காலம் கடந்தால் அவமதிப்பு மனுப் போடலாம்.

அரசு முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதும் வழக்குக்குரிய விஷயமே. பேரறிவாளன் வழக்கின் கதை இதற்குப் போதும். 2018 செப்டம்பர் 9-இல் தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் கோப்பை வைத்திருந்து, 2021 ஜனவரியில் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்கீழ் பேரறிவாளனைத் தானே விடுவித்தது. மற்ற ஆறு பேரையும் நவம்பர் 11-இல். இந்த வெற்றிக்குப் பின்னால் அவரும் அவர் தாய் அற்புதம்மாளும் காகிதத்தை விடாமல் பிடித்திருந்தது முக்கியம். நடிகர் சஞ்சய் தத் எரவாடா சிறையிலிருந்து முன்கூட்டியே விடப்பட்டது எந்த விதியின்கீழ் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு, அதற்காகவே மும்பை உயர் நீதிமன்றம்வரை போனவர் பேரறிவாளன்.

மரண தண்டனைக் கைதியின் கருணை மனு தனி விஷயம். அதற்கு எட்டாம் அத்தியாயம் பாருங்கள். இங்கே ஒன்று மட்டும்: புதிய சட்டத்தின் 472-ஆவது பிரிவின்படி, மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

எது மாற வேண்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் அரசாணைகள் போய், தகுதி வந்த நாளில் தானாகக் கோப்பு எழும் நிரந்தர விதி வர வேண்டும். காவல்துறையின் ஒற்றை வரிக்கு எதிராகக் கைதி பதில் சொல்ல, அறிக்கையின் நகல் அவருக்குக் கிடைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்கூட்டித் தகவல் போக வேண்டும், அவர்கள் சொல்வது கோப்பில் பதிவாக வேண்டும். சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே இதற்குச் சென்னை மனம் வைத்தால் போதும், டெல்லியிடம் கேட்க வேண்டியதில்லை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். அழைக்கும் முன் நாமினல் ரோலைக் கையில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.